அம்மாவுக்குத் தெரிந்த ‘கேன்’

நீந்தத் தெரியும் என்று மகளின் தோழிகளிடம் அளந்துவிட்டு, நீச்சல்குளத்தின் மார்பளவுத் தண்ணீரில் மூழ்கப் பார்த்தவன் நான். கரைக்கு இழுத்துப்போட்ட காவலாளிப் பையன், எழ முடியுமா முடியாதா என்று கேட்டான்: “அங்கிள், கேன் ஓர் நாட்?”

அந்தக் கேள்வி என்னை நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்கா காலத்துக்கு, நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் கொண்டுபோய் விட்டது. அப்பாவின் சம்பளம் போதாமல், அம்மா ஆஸ்பத்திரி ஆயா வேலைக்குக் கிளம்பினாள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான அப்பா ‘கேன்’, அதன் இறந்தகாலம் ‘குட்’, ‘ஷேல் பீ ஏபிள் டு’ என்று இரவெல்லாம் பாடம் நடத்தினார். அம்மாவிடம் தங்கியது ‘கேன்’ மட்டும்தான்.

வேலை கேட்கப் போன அன்று துணைக்கு நானும் போனேன். பினாயில் வாசத்துக்கு நடுவே நர்ஸுகளுக்குத் தலைவியான வெள்ளைக்கார மேட்ரன் கேட்டாள், துணி துவைப்பாயா என்று.

“கேன், மிஸ்ஸி.”

நோயாளியைத் தூக்குவாயா?

எட்டு வயதுத் தடியனான என்னை அம்மா அலாக்காகத் தூக்கிக் காட்டினாள். “கேன்!”

ஆங்கிலம் வாசிப்பாயா?

நிமிர்ந்த தலை தாழவில்லை. “கேனாட், மிஸ்ஸி. நெக்ஸ்ட் மன்த் கேன்.”

மேட்ரன் சிரித்துவிட்டாள். வேலை கிடைத்தது. நீலச் சேலையில் அம்மா வேலைக்கு நடந்த முதல் நாள், தெருவே வாசலில் நின்று பார்த்தது.

தலை துவட்டியபடி இதைப் பெருமையாகச் சொல்லி முடித்தேன். என் மனைவி சொன்னாள்:

“அத்தை தெரியாதத தெரியாதுன்னு சொன்னாங்க. நீங்க எதுக்குலா தண்ணியில எறங்குனீங்க?”