பாலத்துக்கு அந்தப் பக்கத்து நண்டு

கிண்ணியாவைச் சேர்ந்த பஹ்மியா, திருகோணமலை நகரத்தில் ஒரு மீன்வள ஆய்வு நிலையத்தில் பதினொரு வருடங்களாக ஆய்வுகூட உதவியாளர். நண்டுக் காலில் இருந்து மரபணுவைப் பிரித்து இயந்திரத்தில் ஏற்றி, வருகிற எண்களைக் குறித்துவைப்பது அவள் வேலை. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வது பணிப்பாளர் கலாநிதி பிரகலாதனின் வேலை. இந்த எல்லையை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

கொட்டியாரக் குடாவின் சேற்று நண்டும் தம்பலகாமக் குடாவின் சேற்று நண்டும் ஒரே கூட்டமா, வெவ்வேறா என்று கண்டறிய அவருக்கு ஒரு திட்டம் கிடைத்தது. இரண்டு குடாக்களும் கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன. ஆனால் எல்லாம் ஒன்று என்று முடிகிற ஆய்வுக்கு யார் மாநாட்டு அழைப்பு அனுப்புவார்கள்?

கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பன்னிரண்டு மரபணு அடையாளங்கள் வெளிநாட்டில் இருந்து வந்தன. வேறொரு கடலின் வேறொரு நண்டுக்காகச் செய்யப்பட்டவை அவை. இங்கத்தைய நண்டில் சில ஒட்டின, சில முரண்டு பிடித்தன. போதாக்குறைக்கு, தம்பலகாமத்துக் கால்களைச் சேகரித்த அன்று, அவை கெடாமல் ஊறவைக்கும் ஸ்பிரிட் போதாமல், பிரகலாதன் தண்ணீர் கலக்கச் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்ததுமே பஹ்மியாவுக்கு மணத்தில் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு அடையாளத்திலும் நண்டுக்குத் தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. கெட்டுப்போன காலில் ஒன்று மட்டும் பிடிபட்டால், மற்றதைக் காணவில்லை என்று இயந்திரம் சொல்லாது. இரண்டும் ஒன்றேதான் என்று எழுதிவிடும். அப்படி நூறு நண்டு சேர்ந்தால் அந்தக் கூட்டமே வேறு என்று கணக்கு வந்துவிடும்.

"சேர், தம்பலகாமப் பெட்டியில அஞ்சு அடையாளம் ஒழுங்காப் பிடிக்கல்ல. அத விட்டிட்டுப் பார்த்தா வித்தியாசம் ஒண்டும் இல்ல," என்றாள் அவள்.

"அந்த அஞ்சிலதானே வித்தியாசமே கிடக்கு. அத எப்பிடி விடுறது?" என்றார் பிரகலாதன்.

ஹோட்டல் ஒன்றில் கலந்துரையாடல் வைத்து, இரண்டு நிறத்தில் குடாக்களின் வரைபடம் காட்டினார். அதிகாரிகள் தலையாட்டினார்கள். இரண்டு கூட்டம் வேறு வேறு என்றால் இந்த மாவட்டத்தில் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. நண்டு பிடிக்கும் ஹஸ்மி மட்டும் பின்வரிசையில் இருந்து எழும்பினார்.

"நண்டு பாலத்துக்குக் கீழால போய் வாறத நாங்க தினமும் காணுறம் சேர். தான் வேற கூட்டம் எண்டு அதுக்குத் தெரியாதோ?"

"அது கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்," என்றார் பிரகலாதன். சபை கைதட்டியது.

இரண்டும் கலந்துவிடக்கூடாது என்று, நண்டுக் குஞ்சுகளை ஒரு குடாவில் இருந்து மற்றதற்குக் கொண்டுபோகத் தடை வந்தது. மும்மொழியிலும் பலகை நட்டார்கள். நண்டுகள் அதை வாசிக்கவில்லை. அதிகாரிகள் வாசித்தார்கள். வளர்ப்புக் கூட்டுக்குக் குஞ்சு கொண்டுபோன ஹஸ்மியின் கூடையைப் பறித்தார்கள்.

செய்தி கேட்டதும் பஹ்மியா, அண்ணன் முறையில் காக்கா என்று அவள் கூப்பிடும் ஹஸ்மியின் வீட்டுக்கே போனாள்.

"என்ட கையால எழுதின நம்பர்தான் காக்கா அது. ரெண்டு பக்கத்தாலயும் நாப்பது நாப்பது கால் தாங்க. திரும்பப் பார்க்கிறன்."

இந்த முறை நல்ல ஸ்பிரிட். ஒவ்வொரு நண்டுக் காலையும் இயந்திரத்தில் இரண்டு தரம் ஓட்டினாள். புதுக் காலிலும் ஒட்டாத அடையாளங்களை விலக்கினாள். ஆறு சனிக்கிழமைகளின் முடிவில் வித்தியாசம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிரகலாதனுக்கு ஒரு பிரதி வைத்தாள். திட்டத்துக்கு நிதி கொடுத்தவர்களுக்கு இன்னொன்றை அனுப்பினாள். வேலை போய்விடும் என்று மூன்று நாள் பயந்துகொண்டு இருந்தாள்.

வேலை போகவில்லை. அதே ஹோட்டலில் இரண்டாவது கலந்துரையாடல் நடந்தது. "எங்கட முகாமைத்துவத் திட்டத்தின்ர வெற்றி இது. ஒரே வருசத்தில ரெண்டு கூட்டமும் ஒண்டாயிட்டுது," என்று பிரகலாதன் அறிவித்தார். போக்குவரத்தைத் தடைசெய்ததால் எப்படி ஒன்றாகின என்று எவரும் கேட்கவில்லை. திட்டம் இன்னும் மூன்று வருடம் நீடிக்கப்பட்டது. தடை நீங்கியது.

தேநீர் வேளையில் அவர் பஹ்மியாவிடம் வந்தார். "இப்ப சந்தோஷம்தானே?"

"ஹஸ்மி காக்கா திரும்பவும் குஞ்சு ஏத்துறார் சேர். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேணாம்."

"நல்லது. அடுத்தது இறால்," என்றார் அவர்.