ஆமாங்க என்ற பதில்

நர்சிங் மூன்றாம் வருடத்தில் நான் கல்லூரி மாணவர் மன்றத் தலைவி. விழா மேடையில் மைக் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பதுதான் தலைவியின் பெரிய வேலை. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாததற்கு ஆராய்ச்சியும் செய்யக் கிளம்பினேன். வசதியுள்ளவர்களுக்குக் கிடைக்கும் வைத்தியம் ராசிபுரம் பக்கத்துத் தறிப்பட்டறைப் பெண்களுக்கும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலவசமாகத் தரும் பிரஷர் மாத்திரையை அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்பது முக்கியமான கேள்வி.

வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டேன்.

"மாத்திரையத் தினமும் தவறாமச் சாப்பிடறீங்களா?"

"ஆமாங்க."

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். படிவத்தில் கட்டம் கட்டமாக டிக் அடித்தேன். அந்தச் சத்தத்திலும் எனக்கு முக்காலி தேடிக் கொடுத்த ஓர் அம்மாவும் அதையேதான் சொன்னார்.

நானும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். எங்கள் பக்கம் 'ஆமாங்க' பாதி நேரம் பதிலே இல்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது என்பதற்கும் அதுதான், ஆளை விடுங்கள் என்பதற்கும் அதுதான். என் அம்மாவே டாக்டரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வருவார். தெரிந்திருந்தும் கோட்டு போட்டதும் என் காது அடைத்துக்கொண்டது.

எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்ததில் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய மேடத்துக்கு ஏக மகிழ்ச்சி. கல்லூரிக் கருத்தரங்கில் கட்டுரையை நானே வாசிப்பதாக முடிவானது.

அதற்குச் சில நாட்கள் முன்பு, வார்டு டியூட்டியில் அந்த முக்காலி அம்மாவைப் பார்த்தேன். பக்கவாதம். வாய் கோணியிருந்தது, வலது கை அசையவில்லை. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

"மாத்திரை சாப்பிட்டாங்கதானே?" என்றேன்.

"உட்டுட்டாங்க. அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதுங்களாம். பட்டறையில கக்கூஸ் இல்லீங்க. தறிய நிறுத்திப்போட்டுக் காட்டுப்பக்கம் போனா ஓனரு சத்தம் போடுவாருங்க."

"எங்கிட்டத் தினமும் சாப்பிடறேன்னு சொன்னாங்களே?"

"டாக்டரம்மா மாதிரி வந்து கேட்டா வேறென்னங்க சொல்லுவாங்க?"

எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. அன்று ஒரு நிமிடம் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த அம்மா என்னிடம் சொல்லியிருப்பார். மாத்திரையை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டிருக்கலாம்.

மேடத்திடம் போய்க் கட்டுரையை நிறுத்தச் சொன்னேன். "தலைவியா இருந்துக்கிட்டு காலேஜ் மானத்த வாங்காதே" என்றார் மேடம். கருத்தரங்கு அன்று மேடையேறி, இந்தப் பதில்களெல்லாம் என் கேள்விக்கு வந்தவை அல்ல, என் கோட்டுக்கு வந்தவை என்று சொன்னேன். ஓர் அம்மா விழுந்து கிடப்பதையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வார்டுக்குப் போனேன். அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். மகள் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஷிப்ட்டுக்கு நேரமாச்சுங்க. அம்மா தறியில இப்ப நாந்தான் நிக்கறேன்."

என் கையில் படிவம் இல்லை.

"அங்க ஒண்ணுக்கு வந்தா என்ன சாமி பண்றே?"

அவள் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் தண்ணியே குடிக்கறதில்லீங்கக்கா."