சுவரில் அடிக்காத ஆணி

அந்த இரும்பு அலமாரி மெட்ராஸிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது அலமாரியாகவே இல்லை. வரிசையாகத் துளை போட்ட நீள ஆங்கிள்கள், தகடுகள், ஒரு பை நிறைய போல்ட்டும் நட்டும். நாமே கோத்து நிறுத்திக்கொள்ள வேண்டுமாம். அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவுக்கு அது புதுசு. எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் எண்ணெய்க் கடை, பின்னால் வீடு. வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நன்றாக விளைந்த வருஷம், எண்ணெய் டின்கள் வந்து குவிந்தன. தரையில் வைத்தால் ஈரத்தில் அடி துருப்பிடித்து ஒழுகிவிடும் என்று என் வீட்டுக்காரர் அதை வரவழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர், ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்து சாயங்காலத்துக்குள் கடைக்கும் அடுக்களைக்கும் நடுவே நிறுத்திவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல் ஜம்மென்றுதான் நின்றது. நான் ஒரு விரலால் தொட்டேன். ஆடியது.

"செவுத்துல ஒரு ஆணி எறக்கிட்டா நின்னுக்கும்," என்றார். மேல் துளை வழியாக நீள ஆணியைச் சுவரில் அடித்துவிட்டால் முன்னால் சாயாது. சொன்ன கையோடு அவரே வாயை மூடிக்கொண்டார். நான் அப்போது ஏழு மாதம்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று. கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சர்ச்சுக்குப் போகிற எங்களானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. என் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அந்த மாதங்களில் என் வீட்டுக்காரர் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்திருந்தார். "நீ அடிச்ச ஆணிடா," என்று மாமியார் அழுகையோடு அழுகையாக ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு தடவை போதாதா? அதற்கப்புறம் இவர் சுத்தியலையே தொட்டதில்லை.

"சர்ச்சு சாமியாரே இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு சொல்றாரு அத்தை," என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவரு இன்னா, பிள்ளையா பெத்தாரு?" என்றார் அத்தை.

நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். சரி, ஆணி அடிக்கட்டுமா என்று கேட்டிருந்தால் ஐயோ வேண்டாம் என்று கத்தியிருப்பேன். அவ்வளவுதான் என் தைரியம்.

ஆணி இல்லாமல் என்னென்ன முடியுமோ எல்லாம் செய்தோம். பின்பக்கம் மூலைக்கு மூலை இரும்புப் பட்டை வைத்து முடுக்கியதும் பக்கவாட்டு ஆட்டம் நின்றது. கால்களுக்கு அடியில் தகரத் துண்டு கொடுத்துச் சமமாக்கினார். தட்டு வளையாமல் இருக்கப் பலகை போட்டார். கீழ்த் தட்டுகளை நிரப்பிவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அப்படியே அடுக்கினார்கள்.

இவ்வளவு செய்தும் எனக்கு நிம்மதி இல்லை. அடுக்களையிலிருந்து எங்கே போவதானாலும் அதன் முன்னால்தான் வழி. கோட்டை பார்க்க வருகிறவர்களின் பஸ் தெருவில் திரும்பினால் டின்கள் கிணுகிணுக்கும். எதிர்ச் சுவரை உரசியபடி நடப்பேன். சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன்.

"அது இன்னா புலியா?" என்று இவர் கேலி செய்வார். புலியானால் வருமுன் உறுமவாவது செய்யும்.

ஒன்றை மட்டும் மூன்று பேருமே கவனிக்காமல் விட்டோம். மேலிருந்து இறக்குவதைவிடக் கீழிருந்து இழுப்பது சுலபம் என்பதால், கீழ்த் தட்டு டின்களே முதலில் விற்றுப்போய்க்கொண்டிருந்தன. சில வாரங்களில் கீழே காலி, மேலே கனம் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் காலை, கீழே டின் இல்லாததால் அத்தை மேல் தட்டு டின்னை விளிம்புக்கு இழுத்தார். டின்னோடு அலமாரியே சேர்ந்து வந்தது. அடுக்களை வாசலில் நின்ற நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் தாங்கினேன். இரும்பு என் தோளில் வந்து உட்கார்ந்தது. ஒரு டின் என் காலருகே விழுந்து வாய் பிளந்து எண்ணெய் ஓடியது. அத்தை போட்ட அலறலில் கடையிலிருந்து இவர் பாய்ந்து வந்து, அலமாரியை முட்டிச் சுவரோடு தள்ளினார்.

தோள் வலித்ததே தவிர எனக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் அசைவே இல்லை. மூன்று பேரும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரமோ தெரியாது, பிறகு மெல்ல ஒரு புரளல்.

"இருக்குது," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அத்தை மகனைப் பார்த்தார். "ஆணி அட்ச்சிடுடா."

அலமாரியைப் பிடித்தபடி நின்ற இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னால முடியாதும்மா. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

அத்தை போய்ச் சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தார். முக்காலியில் ஏறினார். "நீ புடிச்சிக்க. நான் அடிக்கிறேன். எதுனா ஆச்சுன்னா நான் அட்ச்சதாவே இருக்கட்டும். உம்மேல வர வாணாம்."

என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. கையெல்லாம் எண்ணெய், சுத்தியல் வழுக்கி அத்தையின் விரலில் விழுந்தது. மாதாவே மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டே ஆணியை முழுக்க இறக்கினார். அலமாரி அதன்பின் அசையவே இல்லை. நாங்கள்தான் ஆடிப்போயிருந்தோம். தினமும் காலையில் அத்தை "அசையுதா?" என்று என்னைக் கேட்பார். ஆமாம் என்ற பிறகுதான் காபியைத் தொடுவார்.

மாதம் நிறைந்து வலி எடுத்தது. மருத்துவச்சி வந்தாள். பெண் பிள்ளை, பிறந்ததுமே வீறிட்டு அழுதாள். அத்தை அவளைக் கையில்கூட வாங்கவில்லை. நேரே கடைப்பக்கம் போனார். அங்கே உட்கார்ந்திருந்த மகனிடம் அத்தை பேசியது படுக்கையில் இருந்த எனக்கும் கேட்டது.

"ஆணியால இல்லடா. அப்பவும் ஆணியால இல்ல. நான்தான் உன்னச் சொல்லிட்டேன்."