முகம் கழுவாத படம்

கோபத்தில் ஒரு மெஷினையே வாங்கிவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் இன்னமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பாதி உண்மை. மீதிப் பாதியை நானே சொல்லிவிடுகிறேன். அவர் வாயால் வந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ஒரு மாடிப்படி ஏறினால் எங்கள் கடை. அவர் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிபண்ணிப் பிரிண்ட் போடுவேன். பாஸ்போர்ட் சைஸ், ஆல்பம் எல்லாம் எங்கள் சின்ன மெஷினே பார்த்துக்கொள்ளும். ஓரடிக்கு மேல் அகலம் என்றால் சேலத்துக்குத்தான் போக வேண்டும். நான் ஃபைலை அனுப்புவேன். அங்கே ஒரு பிரஸ்காரர் பெரிய மெஷினில் அடித்து, சுருட்டி, குழாயில் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார். நான் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். ஒரு தடவை இரண்டு குழாய் வர வேண்டியதில் கல்யாணப் பொண்ணு மட்டும் இங்கே இறங்கினாள். மாப்பிள்ளை உளுந்தூர்பேட்டை வரைக்கும் போய்விட்டார். அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் மண்டபத்தில் பந்தி முடிந்துவிட்டது.

பதினோரு வருஷம் அந்தப் பிரஸ்காரரோடு எனக்குப் போனில் சண்டை. "அரக்குப் பொடவைய தக்காளிக் கலர்ல அடிச்சிருக்கீங்க, கண்ணு தெரியுமா தெரியாதா?" என்பேன். அந்த மனுஷன் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "நீங்க அனுப்புனதத்தான் அடிச்சேன் மேடம்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். மரவள்ளி போட்டுப் பிழைக்கிறவர். அந்த ஊரிலிருந்து முதன்முதலாக நர்ஸ் வேலைக்குப் போனது அவருடைய மகள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அவள் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்று வாத்தியாரே கேட்டிருக்கிறார். பொண்ணு வெள்ளை யூனிஃபார்மில் வந்து நின்றாள், என் வீட்டுக்காரர் எடுத்தார், நான் சரிபண்ணி சேலத்துக்கு அனுப்பினேன். ஐந்தடி உயரப் படம். வந்ததும் குழாயைக்கூடப் பிரிக்காமல் கொடுத்தனுப்பினேன்.

பத்து நாள் கழித்து, அதே குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு பெரியவர் படியேறி வந்தார்.

"ஏம்மா, எம் பொண்ணு எங்க?"

"குழாயிலதான இருக்குது?"

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்து மேஜையில் விரித்தேன். பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"இது யாருன்னு சொல்லுங்க" என்றார்.

"உங்க பொண்ணு."

"நீங்க சொல்றீங்க. எங்க ஊர்ல ஒருத்தரும் சொல்லலியே! இஸ்கூல்ல மாட்டிப் பாத்தோம். தெனம் அவகூட பேசிக்கினு இருக்கற புள்ளைங்க, 'யாரு மாமா இது, டிவில வர்றவங்களா'ன்னு கேக்குதுங்க. எங்க வூட்டுக்காரி பாத்துட்டு, 'ஐயோ, எம் பொண்ணுக்கு ஒடம்புக்கு இன்னா, இப்டி வெளுத்துப் போயிருக்குது'ன்னு அழுவறா."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஜெயித்திருப்பேன். அவரோ மகளைத் தொலைத்துவிட்டுத் தேடி வந்தவர் போல நின்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஆகஸ்டு பதினஞ்சு கொடியேத்தறப்ப படத்தத் தொறக்கறதுன்னு வாத்தியாரு சொல்லிட்டாரு. ஆவுமா, ஆவாதா, அதச் சொல்லுங்க. ஆவாதுன்னா வூட்ல இருக்கற சின்னப் படத்தையே மாட்டிக்கறோம்" என்றார்.

"கொடியேத்தறதுக்கு முன்னாடி உங்க பொண்ணு உங்க பொண்ணாவே வருவா. வரலன்னா இந்தக் கடை போர்டக் கழட்டிடறேன்" என்று சொல்லிவிட்டேன். பின்னால் என் வீட்டுக்காரர் இருமியது கேட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அவர் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், நான் சேலத்துக்குப் போன் போட்டுவிட்டேன். "மனுஷங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கறீங்களா?" என்று ஆரம்பித்தேன். "நீங்க அனுப்புனதத்தான்..." என்றார். கட் பண்ணினேன். "பெரிய மெஷின் வாங்கறோம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப நான் எங்க உக்கார்றது?" என்று மட்டும் கேட்டார்.

சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? அகலக்கால் வைக்காதே என்று ஆளாளுக்கு வந்து சொன்னார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு படி மேலே போய், "பொம்பள பேச்சைக் கேட்டு ஆடாத" என்று என் எதிரிலேயே சொன்னார். காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை.

சென்னைக்குப் போனோம். ஷோரூமில் டை கட்டிய ஒரு பையன் எங்களுக்காகக் கிளிப் படம் ஒன்றை அடித்துக் காட்டினான். அப்புறம் பழக்கூடை. அப்புறம் பொன்னிறத் தலைமுடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். எல்லாம் கண்ணைப் பறித்தன.

"தம்பி, கள்ளக்குறிச்சில எனக்கு கிளி கஸ்டமர் இல்லப்பா. மனுஷன அடிச்சுக் காட்டு" என்றேன்.

என் பென் டிரைவில் உருப்படியாக இருந்தது என் வீட்டுக்காரரின் படம் ஒன்றுதான். வயல்காட்டு வெயிலில் நான் எடுத்தது. எடுத்தது எடுத்தபடி கிடந்தது. அவர் படத்துக்கு யார் காசு கொடுக்கப் போகிறார்கள் என்று அதை நான் தொட்டதே இல்லை. பையன் அதைப் போட்டான். அங்குலம் அங்குலமாக ஆள் இறங்கினார். காய்ந்த புளியங்கொட்டைக் கலர், நெற்றியில் வேர்வைப் பளபளப்பு, மூக்கின் பக்கத்தில் அம்மைத் தழும்பு. அட, நம்ம ஆளு! பக்கத்தில் நின்ற நிஜ ஆளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த இடத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

மெஷின் வந்து தெருவில் இறங்கியபோதுதான் அடுத்த தலைவலி. எட்டடி நீளம். எங்கள் மாடிப்படியோ குறுகல். கூட வந்த இன்ஜினியர், "சாய்க்கவே கூடாது மேடம், மட்டமா போகணும். சாஞ்சா உள்ள தண்டவாளம் வளைஞ்சிடும்" என்றார். லோடுமேன்கள் படியைப் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரருக்குத்தான் அந்த யோசனை வந்தது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நேராகப் பெருமாள் கோயில் தெருவுக்குப் போய், புறப்பாட்டில் சாமி தூக்குகிற எட்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார்.

அவர்களில் மூத்தவர் படியை ஒரு தரம் ஏறி இறங்கிப் பார்த்தார். "சாமிய இதவிட மோசமான படில ஏத்தறோம். மாலை ஆடாது" என்றார். முன்னால் போனவர்கள் முதுகை வளைத்து முழங்கால் உயரத்தில் பிடித்தார்கள், பின்னால் வந்தவர்கள் தலைக்கு மேல் தூக்கினார்கள். ஒரு குரல், ஒரு அடி. ஒரு குரல், ஒரு அடி. மெஷின் மேல் இன்ஜினியர் வைத்திருந்த ரசமட்டத்தின் குமிழி நடுவை விட்டு அசையவே இல்லை. எதிர்க்கடை டைலர் கைதட்டினார். "அக்கா, இது இன்னா சாமி?" என்று ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "பதில் சொல்லாத சாமி. நல்லதா போச்சு, எனக்கு சேலத்து சாமி பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துடுச்சு" என்றேன்.

மறுநாள் முதல் பிரிண்ட். அந்த மலைப் பெண்ணின் படம்தான் என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். டைலர், கீழே பூக்கடை அக்கா, டீக்கடைக்காரர், சாமி தூக்கியவர்களில் நாலு பேர், வேவு பார்க்க வந்த என் வீட்டுக்காரரின் அண்ணன் என்று கடையே நிறைந்துவிட்டது. சேலத்துக்கு அனுப்பிய அதே ஃபைலைக் கொடுத்தேன். தொப்பி இறங்கியது. தலைமுடி இறங்கியது. நெற்றி இறங்கியது.

வெள்ளை. சுத்தமாக அதே சுண்ணாம்பு வெள்ளை.

கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்றே நாள். "இன்னா மெஷின் இது? சேலத்துக்காரனோட பழச பெயிண்ட் அடிச்சு என் தலைல கட்டிட்டீங்களா?" என்று அந்த இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். இன்ஜினியர் பாவம், ஒரு கலர்ப் பட்டையை அடித்து எடுத்தார். பழுப்பு பழுப்பாகவே இருந்தது, கறுப்பு கறுப்பாகவே இருந்தது. "மெஷின் சரியாத்தான் இருக்கு மேடம். கேமராவில எடுத்த ஒரிஜினல கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

"பாருய்யா, நல்லா பாரு" என்று ஒரிஜினலைத் திறந்தேன். திரையில் அவள் வந்தாள். மாநிறத்தையும் தாண்டிய நல்ல கறுப்பு, கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. அடுத்த நொடி, எல்லோர் கண் முன்னாலும், வெளுத்துப் போனாள்.

நான் என் கையைப் பார்த்தேன். விரல் எஃப் டூ பட்டன் மேல் இருந்தது.

அந்த பட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடை ஆரம்பித்த புதிதில், வருகிற ஒவ்வொருவரும் "கொஞ்சம் கலரா போடுங்கக்கா" என்பார்கள். கலர் என்றால் வெள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முகமாக உட்கார்ந்து தேய்க்க முடியாமல், ஒரே பட்டனில் இரண்டு படி வெளுக்கிற மாதிரி நானே செய்துவைத்தேன். மூஞ்சி கழுவுவது என்று கடையில் அதற்குப் பெயர். நாளாக ஆக, கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லோருக்கும் கழுவினேன். படம் திறந்தால் விரல் தானாகப் போகும். அதை ஒரு மாற்றம் என்றே நான் நினைக்கவில்லை. கல்யாண வீடுகளில் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள், நானும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. ஒரு தகப்பனுக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது.

"உன் வெரல எட்றி மொதல்ல" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், ஸ்டூலிலிருந்து விழாத குறை. டைலர் சிரித்தார், பூக்கடை அக்கா சிரித்தார், கடைசியில் அந்த இன்ஜினியரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்தப் படியிலேயே உருண்டு போய்விடலாமா என்றிருந்தது.

ஒரிஜினலைத் திரும்பத் திறந்தேன். வலது கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் பிரிண்ட் கொடுத்தேன். இந்த முறை நெற்றி இறங்கியதுமே பூக்கடை அக்கா, "ஏ அப்பா, இன்னா களை!" என்றார். புருவம், சிரிப்பை அடக்கிய உதடு, வெள்ளைக் காலர் மேல் அந்தக் கறுத்த கழுத்து. ஒருத்தி முழுசாக நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானமும் சந்தோஷமும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது? அழுதேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் படத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "என் படத்தயும் ஒண்ணு இப்டி போட்டுக் குடு" என்றார். அவர் அதற்கு மேல் இறங்கி வர மாட்டார்.

அன்று சாயங்காலமே சேலத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை நான் வாழ்க்கையில் அதிகம் செலவழித்ததில்லை, அன்று செலவழித்தேன். அந்த மனுஷன், "பரவால்ல மேடம். சண்ட போட ஆள் இல்லாமப் போச்சேன்னுதான் இருக்குது" என்றார்.

கொடியேற்றத்தன்று விடியற்காலையில் படத்தை ஃப்ரேமோடு வண்டியில் கட்டிக்கொண்டு நாங்களும் மலையேறினோம். சுவரில் மாட்டி, மேலே ஒரு புடவையைப் போர்த்தி வைத்தோம். கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போர்டைக் கழற்றுவதாகச் சொன்னது அவருக்கு மறக்கவில்லை என்று தெரிந்தது. வாத்தியார் புடவையை இழுத்தார். பாதி முகம் தெரிவதற்குள் பிள்ளைகள் அத்தனையும், "அக்கா!" என்று கத்தின கத்தலில் கூரைமேல் இருந்த காக்காய் எல்லாம் பறந்துவிட்டன. பெரியவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படத்தின் கன்னத்தைத் தடவித் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறித்தாள். பெரியவர் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

அந்தப் பெண் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் நகர்ந்த பிறகும் அசையவில்லை. அவளுக்குத்தான் பிடிக்கவில்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பக்கத்தில் போனேன்.

"ஏக்கா" என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இவ்ளோ அழகாவா இருக்கேன்? நெசமா சொல்லுங்க, இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலடி" என்றேன்.