நான் கட்டிய செம்பருத்தி மாலை

கல்யாணமான வருஷம் ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, செம்பருத்திக் குச்சிகள் சிலவற்றை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்தேன். களமருதூரிலிருந்து உளுந்தூர்பேட்டை, அங்கிருந்து கள்ளக்குறிச்சி, பிறகு கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் பக்கத்து இருக்கைக்காரியின் புடவையை நனைத்து, அவள் என்னைத் திட்டியதுகூட நினைவிருக்கிறது.

புருஷன் வீடு கோமுகி அணைக்குக் கீழே, ஊருக்கு வெளியே இருந்த காலனியில். கூரை வீடு, முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு மண். சுற்றிலும் கரும்பு. அதில் ஒரு கரணைகூட எங்களுக்குச் சொந்தமில்லை. நானும் அவரும் களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள். குச்சி நட்டதைப் பார்த்துவிட்டு மாமியார், "முருங்கை வெச்சா கொழம்புக்கு ஆவும். இது இன்னாத்துக்கு?" என்றார். எங்கள் அம்மா வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு இருந்தது. இங்கேயும் இருக்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பக்கம் நட்ட குச்சிகள் அழுகிவிட்டன. வாசல் வேலியோரம் நட்டது ஒன்று மட்டும் துளிர்த்தது. ஆடு கடிக்காமல் இருக்க உடைந்த கூடையைக் கவிழ்த்து வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீரும் சாணிக் கரைசலும் ஊற்றினேன். வெயில் காலத்தில் ஒருநாள் தண்ணீர் விடத் தவறினாலும் மொட்டு காம்போடு உதிர்ந்து கிடக்கும். குழாயடியில் சண்டை போட்டுக் கொண்டுவரும் குடத்தில் அதற்கும் ஒரு பங்கு வைத்தேன். மழைக்கு முன்னால் நீண்ட கிளைகளை வெட்டிவிட்டேன். மறு வருஷம் அது என் தோளுக்கு மேல் நின்றது. விடிந்தால் வாசல் முழுக்கச் சிவப்பு. முருங்கை கேட்ட மாமியாரே ஒரு பூவைக் காதோரம் செருகிக்கொண்டு களை எடுக்க வந்தார்.

ஊர் அம்மன் கோயில் பூசாரி அதற்குப் பிறகுதான் எங்கள் காலனிப் பக்கம் வர ஆரம்பித்தார். அதுவரை அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. சைக்கிளை வேலிக்கு வெளியே நிறுத்துவார். துரட்டியால் கிளையை வளைப்பார், பறிப்பார், கூடையில் போடுவார். கேட்பதில்லை. வாசலில் நிற்கும் என்னைப் பார்ப்பதுமில்லை. மறுநாள் பூக்கவேண்டிய மொட்டும் கூடவே போகும். சில நாள் கிளையே முறிந்து தொங்கும். எல்லாம் முடிந்ததும் சைக்கிளில் தொங்கும் சொம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை எடுத்துக் கூடைமேல் தெளிப்பார். எங்கள் வாசலில் பூத்த தீட்டு போகவேண்டுமாம். அதையும் எங்கள் கண்ணெதிரிலேயே செய்வார்.

"நம்ம வூட்டுப் பூ ஆத்தாளுக்குப் போவுது, புண்ணியம்டீ" என்பார் மாமியார். அந்தச் சொம்பைப் பார்க்கப் பிடிக்காமல் நான் முறிந்த கிளைக்குத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஒரு கோடையில் செடியில் மாவுப்பூச்சி விழுந்தது. கொழுந்தெல்லாம் வெள்ளையாய்ச் சுருண்டு, எறும்பு ஏறி, பூ நின்றுபோனது. புருஷன் போடுகிற புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்பைக் கரைத்து, பழந்துணியால் இலை இலையாய்த் துடைத்துக்கொண்டிருந்தேன். பூசாரி வந்து நின்றார். அன்றுதான் முதன்முதலாய் என்னிடம் பேசினார்.

"இன்னாம்மா, செடிய ஒழுங்கா பாத்துக்கக் கூடாதா? ஆத்தாளுக்குப் பூ கம்மியாப் போச்சு."

தண்ணீர் ஊற்றியதற்கு ஒரு வார்த்தை கிடையாது. குறை சொல்ல மட்டும் உரிமை வந்துவிட்டது! கையிலிருந்த புகையிலைத் தண்ணீரை அவர் மேலேயே ஊற்றிவிடலாமா என்றிருந்தது. "பாக்கறேங்க" என்றேன். அப்படிச் சொன்ன என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதற்கடுத்த ஆடிக்குக் கொஞ்ச நாள் முன்னால் என் இரண்டு வயது மகளுக்கு அம்மை போட்டது. வேப்பிலைமேல் படுக்கவைத்து, கொதிக்கிற உடம்பைப் பார்த்துக்கொண்டே, பிள்ளை எழுந்து நடந்தால் என் கையாலேயே மாலை கட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். பிள்ளை பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று.

ஆடித் திருவிழா அன்று பூசாரி வழக்கம்போல் வந்து பறித்துக்கொண்டு போனார். அவர் வருவதற்கு முன்பே எனக்கு வேண்டிய பூவைப் பறித்து ஈரத்துணியில் மூடி வைத்திருந்தேன். செம்பருத்தி மாலைக்கு வசதியான பூ இல்லை. இதழ் கசங்கிவிடும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். வாழைநாரை ஊறவைத்து, காம்பு நசுங்காமல் பதமாய்க் கட்டினேன். தட்டில் வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மாமியார் பின்னால் வந்தார்.

கோயிலுக்கு முன்னால் ஒரு புளியமரம். காலனிக்காரர்கள் அதைத் தாண்டுவதில்லை. அங்கேயே நின்று பூசாரியைக் கூப்பிட்டேன். வந்தார். தட்டைப் பார்த்ததும் இரண்டடி தள்ளி நின்றார்.

"இத ஆத்தாளுக்குச் சாத்த முடியாதும்மா."

"ஏங்க? தெனமும் நீங்க பறிச்சிக்கினு வர்ற அதே செடிங்க."

"அது நான் பறிச்சது. இது நீ கட்டுனது."

"புள்ளைக்கு வேண்டிக்கினு கட்டுனதுங்க."

"வேண்டுதல வூட்லயே வெச்சிக் கும்புடு. நல்ல நாள்ல வம்பு பண்ணாத, போ."

அவர் தோளுக்கு அப்பால், திறந்த கதவு வழியே அம்மன் தெரிந்தாள். கழுத்து நிறையச் செம்பருத்தி. இலை இலையாய் நான் துடைத்த செடியின் பூ. மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். திரும்பி நடந்தேன். பாதி வழியில் நின்று, மாலையை எடுத்து என் மகள் கழுத்தில் போட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். வாடித் தொங்குகிறவரைக்கும் கழற்றவிடவில்லை.

மறுநாள் காலையில் துரட்டி வேலிக்கு மேலே நீண்டபோது நான் கிளையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே பறிக்காதீங்க."

அவருக்குப் புரியவில்லை. "இன்னா சொன்ன?"

"ஆத்தாளுக்குப் பூ வேணும்னா நான் கட்டித் தர்றேன், எடுத்துக்கினு போங்க. நான் கட்டுனது ஆவாதுன்னா, நான் வளத்ததும் ஆவாதுங்க."

"ஆத்தா பூவயே மறிக்கிறியா? ஜாஸ்தியாப் போச்சு ஒங்களுக்கு!" என்று கத்திவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். "குடிய கெடுத்துட்டியேடீ" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம், நாங்கள் கூலிக்குப் போகும் கரும்புக் கொல்லைகளின் நிலத்துக்காரர் என் புருஷனைக் களத்துமேட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். "ஒம் பொண்டாட்டிய அடக்கி வை. இல்லன்னா எங்க கொல்லைங்களுக்கு நீங்க யாரும் வேலைக்கு வரத் தேவல" என்றாராம். புருஷன் வந்து அதைச் சொல்லிவிட்டு வாசல் மண்ணில் உட்கார்ந்தார்.

"பூதானே, பறிச்சிக்கினு போவட்டுமே" என்றார் கடைசியாக.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அப்ப நீங்களே போயி அந்தாள கும்புட்டுக் கூட்டாந்து வுடுங்க. நான் புள்ளைய இட்டுக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

காலையில் எழுந்து பார்த்தேன். அவர் அணைக்கரைப் பக்கம் போய் வேலமுள் வெட்டிவந்து, செடியைச் சுற்றி இடுப்புயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கீறல். உள்ளூரில் யாரும் எங்களை வேலைக்குக் கூப்பிடவில்லை. பஸ் ஏறிச் சங்கராபுரம் பக்கம் நாற்று நடப் போனோம்.

அப்படிப் போய்த் திரும்பிய ஒருநாள், செடி இல்லை. முள்ளை விலக்கி, அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தார்கள். வாசல் முழுக்க மொட்டும் இலையுமாய்க் கிடந்தது. பட்டப்பகலில் நடந்திருக்கிறது. காலனியில் இருந்தவர்களெல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

ஒரு செடிக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் சிரிப்பார்கள். நான் கிளைகளை வாரிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். சாயங்காலப் பூசைக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். புளியமரத்தைத் தாண்டினேன். கிளைக்கட்டைப் படியில் போட்டேன்.

"பூ கேட்டீங்களே, செடியே வந்துடுச்சு. எடுத்துக்கங்க!"

பூசாரி வெளியே வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "நான் வெட்டல" என்றார்.

"யாரு வெட்டுனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும். அந்தக் கைக்குத் தீட்டில்லயா? அது தொட்டா ஆத்தா வாங்கிக்குவாளா? என் கை மட்டும் ஆவாதா?"

யாரோ அடிக்க வந்தார்கள். யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஓடிவந்த என் புருஷன் என் பக்கத்தில் நின்று, "கிட்ட வராதீங்க" என்று சொன்னார். உள்ளூர் ஆட்களிடம் அவர் குரல் உயர்த்தி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. என் கூடவே திரும்பி நடந்து வந்தார். கிளைக்கட்டையும் தலையில் வைத்து எடுத்துவந்தார்.

காலனிப் பெண்கள் அன்றே ஆளுக்கொரு குச்சி ஒடித்துக்கொண்டு போய் நட்டார்கள். பாதிக்கு மேல் ஆடு தின்றது, மழையில் அழுகியது. தப்பியவை தப்பின. எங்கள் வாசலில் வெட்டிய அடிக்கட்டையும் துளிர்விட்டது. பூசாரி கச்சிராயபாளையம் போய்ப் பூ வாங்கிவர ஆரம்பித்தார். கரும்பு வெட்டு நேரத்தில் ஆள் கிடைக்காமல் நிலத்துக்காரரே எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது கோயிலைப் புதுப்பித்துவிட்டார்கள், புளியமரம் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்கிறார்கள். என் மகள் போய்வந்தாள். நான் போகவில்லை. "அதெல்லாம் அந்தக் காலம், இன்னும் அதயே நெனச்சிக்கினு இருக்கியாம்மா?" என்று கேட்கிறாள். எந்தக் காலம்? அப்போதே பஞ்சாயத்து ஆபீசில் டிவி பெட்டி இருந்தது. எங்களுக்கு ஓட்டு இருந்தது. ஓட்டு கேட்டு வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று கும்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமை குற்றம் என்று அச்சடித்திருந்தது, நானே வாசித்திருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் செய்தார்கள். மறந்துவிடு என்று என்னிடம் சொல்கிறவர்கள், தவறு என்று அன்றைக்கு அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.