நான் பிரித்துத் தைத்த திராட்சைக்குலை

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். அவள் செய்யாத குற்றத்தை அவள் தலையில் சுமத்தி, அவள் வெளியேறுவதைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டு நின்றேன். குற்றத்தைச் செய்தது என் கை.

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துத் தொடங்கினால் நடுவழியில் என்னை நானே நல்லவளாக்கிக்கொள்வேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. என்மீது எனக்கே நம்பிக்கை இல்லை... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது; நீங்களும் எச்சரிக்கையோடு படியுங்கள்.

என் பெயர் அந்தோணியம்மாள். புதுச்சேரியில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போனவள் அல்லள். செபப் புத்தகத்திலிருந்தும், நூற்கண்டுகளைச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களிலிருந்தும் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவள். என் வாக்கியங்களில் பிழை இருந்தால் பொறுத்தருளுங்கள். என் செய்கையைப் பொறுத்தருளும்படி நான் கேட்கவில்லை.

கன்னியர் மடத்தின் பூத்தையற்கூடத்தில் நான் வேலை செய்தேன். ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே குடியிருக்கும் வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளுக்கு மேசை விரிப்புகளும், கோயில்களுக்குப் பீடத் துணிகளும் அங்கே தயாராகும். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்! நூலிழைகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துப் படுத்து, தட்டையான துணியிலிருந்து ஒரு திராட்சைக் கனி உருண்டு எழும்பும் கணம் ஒன்று உண்டு. அதற்காகவே காலையில் கண் விழிப்பேன். வேறு ஆசை எனக்கு இருந்ததில்லை.

மடத்தின் தலைவியை நாங்கள் 'மேர்' என்று அழைப்போம். ஒருநாள் மேர் என்னைக் கூப்பிட்டார்.

"இனி நீ தைக்க வேண்டாம், அந்தோணியம்மாள். தைக்கிறவர்களைப் பார்த்துக்கொள்."

அது சன்மானம். கூலி உயர்ந்தது, நூல் அலமாரியின் சாவியும் கூடத்தின் சாவியும் என் இடுப்புக்கு வந்தன. நூல் அளந்து கொடுப்பது, யாருக்கு இலை, யாருக்குக் கொடி என்று பங்கிடுவது, பிணக்குத் தீர்ப்பது, தாமதத்துக்குக் காரணம் கேட்கும் துரைமார் வீட்டு மதாம்களுக்குச் சமாதானம் சொல்வது... இவையெல்லாம் இனி என் வேலை. ஊசி மட்டும் இல்லை!

மறுநாள் நான் கூடத்துக்குள் நுழைந்ததும் வாயாடி ஞானப்பூ குரல் கொடுத்தாள்.

"மெத்ரேசு வராங்க! ஊசிங்கல்லாம் எந்திரிச்சி நில்லுங்கடி!"

மெத்ரேஸ் என்றால் பிரெஞ்சில் எஜமானி. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றுமுதல் அந்தப் பெயரே நிலைத்தது. கூடத்துப் பெண்களில் மதலேன் ஒருத்தி மட்டும் பழையபடி "அக்கா" என்றே அழைத்தாள். அதையும் சந்தேகித்தேன். என்னைத் தலைவியாக இவள் ஏற்கவில்லையோ? தன்னைப் போல நானும் ஒருத்தி என்று நினைக்கிறாளோ?

மதலேனின் கை நல்ல கை. என் கைக்கு அடுத்தது என்று சொல்வார்கள். நான் தைப்பதை நிறுத்திய பின் 'அடுத்தது' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். துணியின் முன்புறத்தில், வெளியார் கண்ணுக்கு, எல்லாருடைய வேலையும் ஒன்றுபோல இருக்கும். பின்புறத்தில், நூலை முடிக்கும் இடத்தில், ஒவ்வொருத்தியின் கையும் கையெழுத்தைப் போலத் தனியாகத் தெரியும். மதலேன் நூல் நுனியை ஒரு சிறு வளையமாக்கிச் செருகுவாள். நான் சிலுவைபோலக் குறுக்கே இருமுறை ஓட்டி முடிப்பேன். மாலையில் துணியைத் திருப்பிப் பார்த்துக் குற்றங்குறை சொல்லும் உரிமை கூடத்தின் தலைவியான எனக்கு மட்டுமே. மற்றவர்கள் திருப்புவதில்லை.

மாதா திருநாளுக்கு ஒரு பீடத் துணி வேண்டுமென்று கோயிலிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓரமெங்கும் கொடி, நடுவில் பெரிய திராட்சைக்குலை.

"நடுக்குலையை மட்டும் நான் தைக்கட்டுமா, மேர்?" என்று கெஞ்சினேன்.

"நீ ஒரு குலையில் குனிந்துவிட்டால் மற்றவர்களை யார் நிமிர்ந்து பார்ப்பது?" என்றார் அவர்.

நியாயமான கேள்வி. குலையை மதலேனுக்குக் கொடுத்தேன்.

அதன்பின் தொடங்கியது என் திருட்டு. மாலையில் பெண்கள் கலைந்ததும் கூடத்தை உள்ளே தாழிட்டுக்கொள்வேன். முதலில் ஞானப்பூ தைத்த இலை ஒன்றைப் பிரித்து நானே தைத்தேன். அது உயிரில்லாமல் இருந்தது, திருத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த இலையில் ஒரு குறையும் இல்லை... என் விரல்களுக்குப் பசி!

மறுநாளே ஞானப்பூ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஏண்டி, என் எலய யாருடி தொட்டது? இது என் தையலே இல்ல."

"ஆடு கீடு வந்து மேஞ்சிட்டுப் போயிருக்கும், நல்லாப் பாருடி," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"ரெண்டு கால் ஆடுதாண்டி மேஞ்சிருக்கு!"

அன்று சிரிப்போடு போயிற்று. பிறகு சிரிப்பு நின்றது. நான் பிரித்த நூல் வீணாயிற்று. மறுபடி தைக்க நான் எடுத்ததால் அலமாரியில் நூல் குறைந்தது. பெண்கள் ஒருவர் மடியை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடச் துணியை இழுத்துக் கட்டிய சட்டத்தின்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போனார்கள். நான் ஒரு வார்த்தையில் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகிக்கும்வரை என்னை யார் சந்தேகிப்பார்?

மதலேனின் குலை வளர்ந்தது. மேர் அதைத் தடவிப் பார்த்து, "இப்படி ஒரு கனியை இந்தக் கூடத்தில் நான் கண்டதில்லை," என்றார். என் காது கேட்கச் சொன்னார்! நான் தைத்த கனிகளெல்லாம் எங்கே போயின? என்னை ஊசியிலிருந்து விலக்கியதே இவளுக்கு இடம் பண்ணத்தானோ? இருவரும் கூடிச் செய்த ஏற்பாடோ? இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

அன்று மாலை அந்தக் குலையில் கை வைத்தேன். மேல்வரிசைக் கனிகளைப் பிரித்து எனக்குப் பிடித்தபடி உருட்டினேன். வெளிச்சம் மங்கியது. விளக்கேற்றினால் வாயிற்காவலன் பார்த்துவிடுவான் என்று அஞ்சினேன். கடைசிக் கனியைப் பிரிக்கும்போது கத்தரியின் நுனி நூலைத் தாண்டித் துணியில் இறங்கியது.

ஒரு சின்னச் சத்தம்... அவ்வளவுதான். மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் துண்டை விலக்கிய மதலேன் அலறினாள். மேர் ஓடிவந்தார். திருநாள் நெருங்கிவிட்டது, நடுக்குலையில் ஓட்டை!

"யாருடைய வேலை இது?" என்று என்னிடம் கேட்டார்.

"நடுக்குலை மதலேனுடைய பங்கு, மேர். கொஞ்ச நாளாக நூலும் குறைகிறது."

கவனியுங்கள். இதில் ஒரு சொல்லாவது பொய்யா? இரண்டும் உண்மை! உண்மையைக் கொண்டே ஒருத்தியைக் கொல்லலாம் என்று அன்று கற்றேன்.

"சத்தியமா நான் கிழிக்கல, மேர். நேத்து நான் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சி. எங்க வூட்டுக்காரரு வேல பாக்குற ஆலையும் மூடிக் கெடக்குது... என் கூலியிலதான் மேர் அடுப்பு எரியுது."

"கூலியை வாங்கிக்கொண்டு போ," என்று சொல்லி மேர் திரும்பி நடந்தார்.

மதலேன் அழுகையை நிறுத்தினாள். கிழிசலைச் சுற்றியிருந்த கனிகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு, அதுவரை எவளும் செய்யாததைச் செய்தாள்: துணியைத் திருப்பினாள். மேல்வரிசைக் கனிகளின் பின்னே அவளுடைய வளையங்கள் இல்லை. என் சிலுவைகள் இருந்தன.

விரலால் ஒன்றைத் தொட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மேர் இன்னும் வராந்தாவைக் கடக்கவில்லை; கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். அவள் கூப்பிடவில்லை.

"இனிமே நீங்களே தைங்கக்கா," என்றாள். போய்விட்டாள்.

ஏன் கூப்பிடவில்லை? யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாளா? என்மேல் இரக்கமா? என்னைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குக்கூட என்னை மதிக்கவில்லையா?

கிழிசலை அடைத்து, குலையை முடிக்கும் பொறுப்பு என்னிடமே வந்தது. வேறு யாரால் முடியும் என்றார் மேர்! பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, உட்கார்ந்து தைத்தேன். இப்போது இந்த எழுத்திலேயே மிகக் கேவலமானதைச் சொல்லப்போகிறேன்... நான் மகிழ்ச்சியாக இருந்தேன். மதலேன் எந்தத் தெருவில் வேலை தேடி அலைகிறாள் என்று தெரியாத அந்த நாட்களில், கனி உருண்டு எழும்ப எழும்ப, என் நெஞ்சு நிறைந்திருந்தது.

பிறகு அவளை ஊருக்கு வெளியே மூலக்குளத்துப் பாதையில் ஒருமுறை கண்டேன். தலையில் செங்கல் சுமந்து போனாள். கைகள் வெடித்திருந்தன. அப்படிப்பட்ட கையில் பட்டுநூல் வழுக்காது, சிக்கி அறுந்துபோகும். திரும்ப அழைத்தாலும் இனி அவளால் தைக்க முடியாது என்பது எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தது. அவளும் என்னைக் கண்டாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று இன்னும் துருவிக்கொண்டிருக்கிறேன்.

குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதெல்லாம் பொறாமை, கோபம் என்று பொதுப்படச் சொல்லி எழுந்துவிடுகிறேன். கூடத்தில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசினால், மதலேன் சொல்லிவிட்டாளோ என்று காது அங்கேயே போகிறது. தலைவியாகத்தான் இன்னும் இருக்கிறேன். சாவி இடுப்பில்தான் இருக்கிறது. ஊசியை நான் தொடுவதில்லை. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் துணிவில்லை, அது வெறும் பயமாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு மாதா திருநாளுக்கும் அந்தத் துணியைப் பீடத்தில் விரிக்கிறார்கள். குலையின் அழகை எல்லாரும் புகழ்கிறார்கள். நான் முழந்தாளிட்டபடி, அதன் ஓரத்தை யாராவது தூக்கிவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் தூக்குவதில்லை. பின்புறம் பீடக் கல்லோடு அழுந்திக் கிடக்கிறது.

ஐயா, அம்மணி, அந்தத் துணியை மதலேன் கிழிக்கவில்லை. இந்த எழுத்தை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.