தோய்க்காமல் கொண்டு வாங்கோ

மங்கை அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் குகன் தொலைபேசியில் சொன்னபோது, நான் பிளாட் புஷ்ஷில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் முறுக்கின் கயிறு, மறு கையில் முறுக்கு கழித்ததை அள்ளிய பை. முறுக்கு எங்கள் நாய். வால் சுருண்டிருந்ததால் என் மகள் நிலா வைத்த பெயர். துக்கச் செய்தி கேட்பதற்கு இதைவிட மோசமான கோலம் இருக்க முடியாது. ஆனால் அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். "முதல்ல அந்தப் பையைக் குப்பையில போடுங்கோ தம்பி, பிறகு அழலாம்" என்றிருப்பார். போட்டேன். பிறகு அழுதேன்.

இங்கே குளிர்காலமான ஜூலையில், பள்ளி விடுமுறைக்கு நாயை அவரிடம் விட்டுவிட்டுப் பனிச்சறுக்கு மலைக்குப் போன நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஹில்ஸ்பரோவில் அந்தப் பச்சைக் கதவு வீடு, வாசலில் வரிசையாகத் தொங்கும் கயிறுகள், உள்ளே நாலைந்து நாய்கள், நடுவில் குட்டையாக ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. எனக்கு அவர் செய்தது அதற்கும் மேலே. அதைச் சொல்ல வேண்டுமானால் என் மானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எனக்குப் பனிச்சறுக்கு என்றால் பயம். முதல் தடவை ருவாபேஹு மலைக்குப் போனபோது, கற்றுக்குட்டிகளுக்கான சரிவிலேயே விழுந்து, எழ முடியாமல் கிடந்தேன். நாலு வயதுப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் முறுக்கு வந்தான். தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. காப்பகத்தில் விட்டுப் பார்த்தோம், ஊளையிட்டே தொண்டையைக் கெடுத்துக்கொண்டான், அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்தது போல இருந்தது. இரண்டு குளிர்காலம் என் மனைவி கவிதாவும் நிலாவும் மட்டும் மலைக்குப் போனார்கள். நான் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாயோடு வீட்டில் இருந்தேன். அந்த இரண்டாவது வருடம் திரும்பி வந்த நிலா, மலையில் நடந்த எதையும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால் "யூ வேர்ன்ட் தேர், அப்பா" என்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

அந்தக் காலத்தில்தான் ஒனிஹங்கா கடலோரத்தில் ஒரு சனிக்கிழமை அக்காவைச் சந்தித்தேன். மூன்று நாய்களைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மூன்றும் வேறு வேறு வீட்டு நாய்கள். நான் என் சோகக் கதையைச் சொன்னேன். நாய் என்னை விட்டு இருக்காது, அதனால் மகளோடு போக முடியவில்லை என்று. அக்கா முறுக்கைப் பார்த்தார். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவருடைய செருப்பை நக்கிக்கொண்டிருந்தான்.

"நாயை நான் பாக்கிறன்" என்றார். "ஆனா உங்களை ஆர் பாக்கிறது, தம்பி?"

ஐந்து நிமிடப் பழக்கத்தில் ஒரு மனிதர் என்னை இப்படிக் கண்டுபிடித்துவிட்டார் என்பது எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஜூலையில் நானும் வருகிறேன் என்று நிலாவிடம் வாக்குக் கொடுத்தேன்.

அக்காவிடம் நாயை விட ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் உடுத்திய துணி ஒன்று வேண்டும். துவைக்காமல்; அவர் வார்த்தையில், தோய்க்காமல். நாய் அதில்தான் படுக்கும், அந்த மணம் இருக்கும்வரை ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பும் என்பார். இருபது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தவர் அவர். அடுத்தவர் அழுக்கை அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. "ஊத்தையெல்லாம் ஊத்தை இல்லை" என்று அடிக்கடி சொல்வார்.

கவிதா என் பழைய சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, ஒரு நல்ல பையில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். எனக்கு அது தெரியாது.

மலைக்குப் போன இரண்டாம் நாள் காலை, வாடகைக் காலணிக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தார். முறுக்கு வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடிக்கிறான் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கவலைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது. "நான் இப்பவே கிளம்பி வர்றேன் அக்கா, நாலஞ்சு மணி நேரம்தான்" என்றேன். எதிரே நிலா தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருத்தரும் வரவேண்டாம்" என்றார் அக்கா. "அந்தச் சட்டையைத் தோய்ச்சோ தந்தனீங்கள்?"

நான் கவிதாவைப் பார்த்தேன். "அழுக்குத் துணிய எப்படிங்க இன்னொருத்தர் வீட்டுக்குக் கொடுக்கிறது? நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள். தொலைபேசி வழியாக அது அக்காவுக்கும் கேட்டது. அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்த நாய்கள் எல்லாம் குரைத்தன.

"திறப்பு எங்க இருக்கு?"

"சாவி துளசித் தொட்டிக்கு அடியில."

அக்கா ஹில்ஸ்பரோவிலிருந்து பிளாட் புஷ்ஷுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், எங்கள் வீட்டைத் திறந்து, அழுக்குக் கூடையைக் கிளறி, நான் ஓட்டப் பயிற்சி முடித்துக் கழற்றிப்போட்ட பனியனை எடுத்துப் போனார். மதியம் ஒரு குரல் செய்தி வந்தது. பேச்சே இல்லை. நறுக் நறுக்கென்று முறுக்கு சாப்பிடும் சத்தம் மட்டும். கடைசியில் அக்காவின் குரல்: "கேட்டதோ? இனிப் போய் விழுங்கோ."

விழுந்தேன். அன்று எத்தனை தரம் விழுந்தேன் என்று நிலா சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்று. பன்னிரண்டாவது முறை விழாமல் கீழே வரை வந்து சேர்ந்தபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்ததில் இருவரும் சேர்ந்து விழுந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக நனைந்தது கிடையாது. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள்.

இத்தனை நாய்களைப் பார்த்துக்கொண்டவர் சொந்தமாக ஒன்று வளர்க்கவில்லை. பின்னொரு வருடம் ஏன் என்று கேட்டேன். "சொந்த நாய் எண்டால் நான் ஒரு இடமும் போகேலாது" என்றார். எங்கே போனீர்கள் என்று கேட்டபோது, "ஒரு இடமும் இல்லைத்தான்" என்றார். அந்த வருடம் கவிதாவும் நிலாவும் அவரைப் பனி பார்க்க இழுத்துக்கொண்டு போனார்கள். நாலு நாய்களோடு நான் ஹில்ஸ்பரோ வீட்டில் தங்கினேன். இந்தத் தடவை சாக்கு இல்லை, உண்மையாகவே என் முறை. கிளம்பும்போது அக்கா தான் போட்டிருந்த நீலக் கம்பளிச் சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். "நானும் இப்ப போற ஆள்தானே" என்றார். நாலு நாய்களும் அதன் மேல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு படுத்தன.

மூன்று நாள் கழித்து வந்தவரிடம் எப்படி இருந்தது என்றேன்.

"வடிவாத்தான் கிடக்கு" என்றார். "ஆனா அவ்வளவு வெள்ளை. ஆர் தோய்ச்சது எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான்."

கடைசியில் அவர் நோயில் கிடந்தது மூன்றே வாரம். இறுதிச் சடங்கன்று மண்டபத்துக்கு வெளியே நம்மில் பாதிப் பேர் நாய்களோடு நின்றோம். உள்ளே ஓதுவது வெளியே கேட்காத அளவுக்கு அவை குரைத்தன. யாரும் அடக்கவில்லை. குகனே வெளியே வந்து, "விடுங்கோ, அம்மாவுக்கு இது பழகின சத்தம்தானே" என்றான்.

நாலு நாள் கழித்து குகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அக்கா கழற்றிக் கொடுத்தாராம். "முறுக்குக்குக் குடுக்கட்டாம். தோய்க்க வேண்டாமாம், கவிதா அக்காவிட்டை வடிவாச் சொல்லச் சொன்னவ" என்றான். நீலக் கம்பளிச் சட்டை. கவிதா பையை வாங்கிக்கொண்டாள். காப்பி போட உள்ளே போனாள்.

இந்த ஜூலைக்கு அக்கா இல்லை. அதற்காக யாரும் மலையை விட வேண்டாம், நாயையும் விட வேண்டாம். விடுமுறை இரண்டு வாரம். முதல் வாரம் நாங்கள் போகிறோம், முறுக்கை உங்களில் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் உங்கள் நாய்களை எங்களிடம் கொண்டு வாருங்கள். நிபந்தனை பழையதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த நிபந்தனையையும், முறுக்கு சாப்பிடும் அந்தக் குரல் செய்தியையும், என் மகளோடு கழிந்த ஆறு குளிர்காலத்தையும். நீலச் சட்டை முறுக்கின் படுக்கையில் இருக்கிறது. நாய் மயிரும் மண்ணுமாகக் கிடக்கிறது. திரைச்சீலையை மாதம் ஒருமுறை துவைப்பவள், விருந்தாளி உட்கார்ந்து எழுந்த மெத்தை உறையைக்கூட விடாதவள், கவிதா. வீடு கூட்டும்போது அந்தச் சட்டையை எடுக்கிறாள், வெளியே கொண்டுபோய் உதறக்கூட மாட்டேன் என்கிறாள், அப்படியே திரும்ப வைத்துவிடுகிறாள்.